கத்திரி வெயிலில் கான்கிரீட்

(கட்டடப் பொறியாளர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெயில் நாடுகளில் வணிகக் கட்டடங்களுக்குக் கான்கிரீட் போடும் வேலையை எப்படி நடத்துவது என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. நாம் உட்கார்ந்திருப்பது சென்னையில். 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரி வெயில் பதிவான ஊர் இது. அதனால் பேச்சு பெரும்பாலும் இந்த ஊரைச் சுற்றியே இருக்கும். நடுவில் துபாய்க்கும் ஒரு நடை போய் வருவோம். அங்கே நம்மவர்கள் எத்தனையோ பேர் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம், பகல் பதினொன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது மாடித் தளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஒரு டிரான்சிட் மிக்சர் லாரி வந்து நிற்கிறது. டிரைவர் டிரம்மைத் திருப்பிக் கொஞ்சம் இறக்கிக் காட்டுகிறார். கலவை வழிந்து வரவில்லை, கட்டி கட்டியாக விழுகிறது. பம்ப் ஆபரேட்டர் தலையை ஆட்டி, "இது மேல ஏறாதுண்ணே" என்கிறார். அதற்கு மேல் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. லாரியிலேயே இருக்கும் டேங்க்கின் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். டிரம் இரண்டு நிமிடம் வேகமாகச் சுற்றுகிறது. அடுத்து இறங்கும் கலவை தாராளமாக ஓடுகிறது. பம்ப் ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் நிம்மதி.

அந்தத் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள். ஆறு கன மீட்டர் லாரிக்குள் நான்கு பக்கெட், ஏறத்தாழ 60 லிட்டர் போயிருக்கும். கன மீட்டருக்கு 10 லிட்டர். 370 கிலோ சிமென்டுக்கு 166 லிட்டர் தண்ணீர் என்று கலவை வடிவமைத்திருந்தால், நீர்-சிமென்ட் விகிதம் 0.45. இப்போது அது 0.48-ஐ நெருங்கிவிட்டது. வலிமையில் தோராயமாக இரண்டு மூன்று மெகாபாஸ்கல் போய்விடும். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று கம்பியைத் தேடிப் போகும் வழி அதுதான். கியூப் சோதனையில் இது தெரிய வேண்டுமென்று அவசியமும் இல்லை. ஏனென்றால் கியூப் எடுத்தது பெரும்பாலும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால்.

இதைப் பற்றிக் கூட்டங்களில் பேச்சு வந்தால் உடனே டிரைவரைச் சொல்வார்கள், மேஸ்திரியைச் சொல்வார்கள், "படிக்காத ஆள்கள் சார்" என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த லாரி பிளாண்ட்டை விட்டுக் கிளம்பி இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம், தளத்து வாசலில் முன்னால் நின்ற லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தைத் தொலைத்தது அலுவலகத்தில் உட்கார்ந்து அட்டவணை போட்ட நாம். தொலைந்த நேரத்தைத் தண்ணீர் ஊற்றி மீட்கப் பார்க்கிறார் டிரைவர், அவ்வளவுதான். வெயில் காலத்துக் கான்கிரீட்டில் நிர்வகிக்க வேண்டிய முதல் பொருள் நேரம். இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

வெயில் என்ன செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சூட்டில் சிமென்டும் தண்ணீரும் வேகமாக வினைபுரிகின்றன. அதனால் கலவையின் இளக்கம், நாம் ஸ்லம்ப் என்று அளப்பது, சீக்கிரம் இறங்குகிறது. உறைவதும் சீக்கிரம் தொடங்குகிறது. முதலில் போட்ட பட்டை இறுகியபின் அடுத்த பட்டை வந்து சேர்ந்தால் இரண்டும் ஒட்டாது, கோல்டு ஜாயின்ட் விழும். இன்னொன்று, சூட்டில் உறைந்த கான்கிரீட் முதல் நாளிலும் ஏழாம் நாளிலும் நல்ல வலிமை காட்டும், ஆனால் 28 நாளிலும் அதற்குப் பிறகும் பின்தங்கிவிடும். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் சிமென்ட் சங்கத்தில் பால் கிளீகர் 1958-இலேயே இதைச் சோதித்து எழுதிவிட்டார். ஆகவே ஏழாம் நாள் கியூப் நன்றாக வந்துவிட்டது என்று மே மாதத்தில் யாராவது சந்தோஷப்பட்டால், 28-ஆம் நாள் வரை பொறுங்கள் என்று சொல்லுங்கள்.

நம் நாட்டில் இதற்கென்றே ஐ.எஸ். 7861 முதல் பாகம் இருக்கிறது, 1975-இல் வந்தது. காற்றின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனாலோ, போடும்போது கான்கிரீட்டின் வெப்பம் 40-ஐத் தாண்டும் என்று எதிர்பார்த்தாலோ அது வெயில் காலக் கான்கிரீட் வேலை என்கிறது அந்தத் தரக்குறிப்பு. அமெரிக்கக் கான்கிரீட் கழகம், போடும்போது கான்கிரீட்டின் வெப்பத்துக்கு 35 டிகிரி என்று எல்லை வைத்தது. பெரிய வேலைகளில் ஒப்பந்தத்திலேயே 32 என்று எழுதுகிறவர்கள் உண்டு. என் கருத்து, 40 என்ற எல்லை மிகத் தாராளம். சென்னையில் மார்ச் மாதத்திலிருந்தே நீங்கள் வெயில் கால வேலையைத்தான் செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாக, வெப்பமானியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டில் துணி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும், வெயிலுக்குச் சமமாகக் காற்றும் காயவைக்கும். தளம் போட்டவுடன் ஜல்லியும் மணலும் அடங்கி, தண்ணீர் மெல்ல மேலே கசிந்து வரும். மேற்பரப்பு பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு இருக்கும்வரை கவலையில்லை. மேலே கசியும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடினால் பளபளப்பு மறைந்து மேற்பரப்பு மங்கும். அடுத்த அரை மணியில் கோடு கோடாக வெடிப்பு ஓடும், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாக, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே. இறுகுவதற்கு முன்பே விழும் வெடிப்பு இது. மணியாஸ் கட்டையால் தேய்த்து மூடிவிட்டோம் என்பார்கள். மூடியது மேல் தோல்தான், உள்ளே வெடிப்பு அப்படியே இருக்கும்.

மணிக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ தண்ணீருக்கு மேல் ஆவியானால் அபாயம் என்பது பல காலமாக இருக்கும் கணக்கு. 1998-இல் பால் யூனோ என்பவர் இதை எளிய சூத்திரமாக்கிக் கொடுத்தார். கால்குலேட்டரில் போட்டுவிடலாம். காற்று 35 டிகிரி, கான்கிரீட் 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம், காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று போடுங்கள், ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். காற்று 28, கான்கிரீட் 30, ஈரப்பதம் 75, காற்றின் வேகம் 8 என்று போடுங்கள், 0.3-தான் வரும். முதலாவது சென்னையின் முற்பகல், மேல்காற்று வீசும் நேரம். இரண்டாவது அதே நாளின் இரவு. ஒரே கலவை, ஒரே ஆள்கள், ஒரே தளம். நேரத்தை மாற்றியதில் ஆவியாகும் அளவு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. இதற்காகக் கலவையில் ஒரு பைசாகூடக் கூடுதல் செலவு கிடையாது.

கடல்காற்றை நம்பி ஏமாந்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிற்பகலில் கடல்காற்று நுழைந்ததும் உடம்புக்கு இதமாக இருக்கும், ஈரப்பதமும் கூடும். ஆனால் காற்றின் வேகமும் கூடுகிறது. தரையில் அது இதமான காற்று. பதினைந்தாவது மாடியில், சுற்றிலும் சுவர் இல்லாத திறந்த தளத்தில் அதன் பலம் வேறு. அளக்கும் கருவியைத் தளத்துக்கு மேலே கொண்டுபோய் அளக்க வேண்டும். ஈரப்பதமும் காற்றும் அளக்கும் கைக்கருவி இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. வானிலை அறிக்கையில் வருவது ஊருக்கான எண், உங்கள் தளத்துக்கானது அல்ல.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது நாம் போடும் கலவைகளில் ஃபிளை ஆஷ், இரும்பாலைக் கசடு, சில நேரம் சிலிக்கா ஃபியூம் எல்லாம் சேர்கின்றன. நல்லதுதான். ஆனால் நுண்தூள் கூடக் கூட மேலே கசியும் தண்ணீர் குறைகிறது. அதனால் ஒரு கிலோ என்ற எல்லை இந்தக் கலவைகளுக்குப் போதாது, அரைக் கிலோவிலேயே உஷாராகிவிடுங்கள். மட்டம் பார்த்து முடித்த இடத்தில் உடனடியாக மெல்லிய தண்ணீர்ப்புகை அடிப்பதோ, பாலித்தீன் தாள் போர்த்துவதோ அங்கே வேலையின் பகுதி. ஒன்று மட்டும் கூடாது. காய்ந்த மேற்பரப்பில் தண்ணீரைத் தெளித்துத் தேய்க்கக் கூடாது. அது மேல் தோலைப் பலவீனமாக்கும், பிறகு அங்கே தூசு கிளம்பும்.

இனி கலவையைக் குளிர்விப்பது. இதில் நிறையப் பேர் நேராக ஐஸுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஒரு கன மீட்டரில் ஜல்லியும் மணலும் 1850 கிலோ, வெயிலில் கிடந்து 40 டிகிரி. சிமென்ட் 380 கிலோ, 60 டிகிரி. புதிதாக ஆலையிலிருந்து வந்தால் அந்தச் சூடு இருக்கும். தண்ணீர் 165 லிட்டர், 32 டிகிரி. ஜல்லி, மணல், சிமென்ட் மூன்றின் வெப்ப ஏற்புத்திறனும் தண்ணீருடையதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதை வைத்துக் கணக்குப் போட்டால் கலவை 40 டிகிரிக்குச் சற்று மேலே வரும்.

இப்போது ஜல்லிக்கும் மணலுக்கும் நிழல் கொடுங்கள். குவியலின் மேல் ஒரு தகரக் கொட்டகை, ஜல்லியின் மேல் மெல்லிய தெளிப்பு. 40 டிகிரி 32 ஆனாலே கலவை ஐந்து டிகிரி இறங்கும். சிமென்டைப் பத்து டிகிரி குறைத்தால் கலவையில் ஒன்றே கால் டிகிரிதான் குறையும், அதற்காக அதிகம் மெனக்கெட வேண்டாம். தண்ணீரை 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஆறேழு டிகிரி இறங்கும். 165 கிலோ தண்ணீரில் 60 கிலோவை நொறுக்கிய ஐஸாகப் போட்டால் பத்து டிகிரி இறங்கும். ஐஸின் பலம் அது உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தில் இருக்கிறது, ஒரு கிலோவுக்கு 80 கிலோகலோரி. நடைமுறையில் மணலின் ஈரமே தண்ணீரின் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அந்த ஈரம் போக மிச்சமிருப்பதைத்தான் குளிர்விக்க முடியும், ஆகவே கிடைக்கும் பலன் கொஞ்சம் குறையும். ஐஸ் முழுதும் மிக்சருக்குள்ளேயே உருகிவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பாறை பாறையாகப் போட்டால் உருகாத கட்டி தளத்துக்கு வந்து, உருகிய இடத்தில் குழி விடும்.

ஆக, வரிசை இது: முதலில் நிழல், பிறகு தெளிப்பு, பிறகு குளிர்ந்த தண்ணீர், கடைசியில் ஐஸ். கொட்டகை போடாத பிளாண்ட் ஒன்று ஐஸ் விலையைப் பில்லில் சேர்த்தால், ஏன் கொட்டகை இல்லை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் பிளாண்ட்டுக்கு ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். ஜல்லிக் குவியலின் மேல் கையை வையுங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

லாரிக் கணக்குக்கு வருகிறேன். நான் முக்கியம் என்று நினைப்பது இந்த இடம். ஆயிரம் சதுர மீட்டர் தளம், பீமோடு சேர்த்து 220 கன மீட்டர் கான்கிரீட். பூம் பம்ப் நிஜத்தில் மணிக்கு 30 கன மீட்டர் தள்ளும் என்று வையுங்கள். விளம்பரத் தாளில் அதைவிடப் பெரிய எண் இருக்கும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆறு கன மீட்டர் லாரி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். மொத்தம் 37 நடை. பிளாண்ட்டில் ஏற்றி, வந்து, இறக்கி, திரும்பிப் போக இரண்டு மணி நேரம் என்றால் பத்து லாரி போதும். நெரிசலில் அதே சுற்று மூன்று மணி நேரமானால் பதினைந்து லாரி வேண்டும். பத்து லாரியோடு இறங்கினால் நடுவில் பம்ப் காத்திருக்கும். குழாய்க்குள் கலவை இறுகும். அடைப்பை உடைக்க ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் தளத்தில் போட்ட விளிம்பு இறுகிவிடும். பயந்துபோய் இருபது லாரி அனுப்பினாலோ ஏழெட்டு லாரி வாசலில் வெயிலில் நின்று சூடேறும். இரண்டுமே குழாயைத் திறப்பதில்தான் முடியும்.

தயார்நிலைக் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 4926, ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தளத்தில் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் உண்டு. இந்த ரசாயனத்தின் அளவை வெயிலுக்கு ஏற்ப முன்கூட்டியே தளத்துச் சோதனை செய்து தீர்மானியுங்கள். டிசம்பரில் சோதித்த கலவையை மே மாதம் அப்படியே போடுகிறார்கள். அது வேறு கலவை என்றே நினைக்க வேண்டும். ஸ்லம்ப்பையும் பிளாண்ட் வாசலில் குறிக்காதீர்கள். பம்ப்பின் வாயில் எவ்வளவு வேண்டுமோ அதை ஒப்பந்தத்தில் குறியுங்கள். வழியில் இழப்பது எவ்வளவு என்பதைச் சப்ளையர் பார்த்துக்கொள்ளட்டும். இளக்கம் குறைந்து வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். அளந்த அளவு சூப்பர்பிளாஸ்டிசைசரைப் பிளாண்ட்டின் ஆள் ஒருவரே தளத்தில் நின்று சேர்க்கலாம், டிரம்மைச் சுற்றி மறுபடி ஸ்லம்ப் எடுக்கலாம். நேர எல்லை தாண்டியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்று பெயரோடு எழுதியிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் எந்த இளம் பொறியாளரும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆறு கன மீட்டர் கான்கிரீட்டைத் திருப்பி அனுப்பத் துணியமாட்டார். அந்தத் துணிச்சலை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இதற்கெல்லாம் பெரிய விடை இரவு வேலை. நகருக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, இரவில் சாலை காலி. இரண்டு மணி நேரச் சுற்று ஒன்றே கால் மணி நேரமாகிவிடும். துபாயில் புர்ஜ் கலீஃபா கட்டியபோது கோடைக் காலத்தில் கலவைத் தண்ணீரின் ஒரு பகுதியை ஐஸாகச் சேர்த்து, இரவில் போட்டார்கள். அந்தக் கோபுரத்தில் போன கான்கிரீட் சுமார் 3,30,000 கன மீட்டர். அறுநூறு மீட்டர் உயரத்துக்கு மேல் பம்ப் செய்தார்கள். அதற்கு முன்பு தரையிலேயே அறுநூறு மீட்டர் குழாயைப் படுக்கவைத்துப் பம்ப் செய்து சோதித்தார்கள். அதன் உயரத்தைப் பற்றி உலகமே பேசுகிறது. எனக்கு அந்தத் தரைச் சோதனைதான் பெரிதாகத் தெரிகிறது. சந்தேகத்தை வேலை நாளில் தீர்த்துக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

சென்னையில் இரவு எட்டு மணியளவில் தொடங்கி விடிவதற்குள் முடிப்பது நல்ல ஏற்பாடு. மாலையில் வீசிய காற்று அப்போது ஓய்ந்திருக்கும். காலை வெயில் ஏறும்போது மேற்பரப்பு இறுகியிருக்கும், ஈரச் சாக்கு போர்த்தத் தயாராக இருக்கும். சென்ட்ரிங்கும் கம்பியும் பகல் முழுதும் வெயிலில் காய்ந்தவை. மாலையில் அவற்றைத் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். பலகையில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. வெளிச்சம் போதுமான அளவு வேண்டும். பீம் அடியில் வைப்ரேட்டர் போனதா என்று பார்க்கத் தலைவிளக்கு வேண்டும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பு இருந்தால் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுச் செய்யும் சத்தத்தை மக்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அடித்தள ராஃப்ட் தனிக் கதை. வணிகக் கட்டடங்களில் இரண்டு மூன்று மீட்டர் கனத்துக்கு ராஃப்ட் வருகிறது. சாதா போர்ட்லேண்ட் சிமென்ட் கன மீட்டருக்கு 100 கிலோ என்றால், வெப்பம் வெளியே போகாத நடுப்பகுதியில் 12 டிகிரி போல ஏறும். 380 கிலோவுக்கு 45 டிகிரி. 38 டிகிரியில் போட்ட கான்கிரீட் உள்ளே 83 வரை போகும். 70-ஐத் தாண்டினால் பல வருடம் கழித்து உள்ளிருந்தே விரிந்து வெடிக்கும் நோய்க்கு இடம் உண்டு. எனவே சிமென்டில் பாதியையோ அதற்கு மேலோ கசடாக மாற்றுவது, 28, 30 டிகிரியில் போடுவது இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

ராஃப்ட்டில் மாணவர்களுக்குப் புரியவைக்கச் சிரமப்படும் ஒரு விஷயம் உண்டு. போட்ட பிறகு அதைக் குளிர்விக்கக் கூடாது, போர்த்த வேண்டும். உள்ளே 65 டிகிரி, மேலே குளிர்ந்த தண்ணீர் பாய்ச்சி 35 என்றால் அந்த முப்பது டிகிரி வித்தியாசமே மேற்பரப்பைப் பிளந்துவிடும். வித்தியாசம் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. நடுவிலும் மேலும் கீழும் தெர்மோகப்பிள் புதைத்து மணிக்கொரு முறை பதியுங்கள். மே மாத வெயிலில் பாலித்தீனும் தெர்மோகோலும் போட்டுப் போர்த்துகிறீர்களே என்று உரிமையாளர் கேட்பார். அவரை அழைத்துப் போய் அந்த மூன்று எண்களைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார். மூடியதை எடுப்பதிலும் நிதானம் வேண்டும். திடீரென்று மழை பெய்யும் இரவில் எடுத்துவிடாதீர்கள்.

வேலை செய்யும் ஆள்களைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பு முடியாது. கான்கிரீட்டுக்கு 32 டிகிரி எல்லை எழுதுகிறோம், அதைக் கொட்டி, இழுத்து, மட்டம் பார்க்கும் மனிதருக்கு எந்த எல்லையும் எழுதுவதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்த அறிவிப்பு தளத்து அட்டவணையில் தெரிய வேண்டும். மே மாதம் பகல் பதினொன்று முதல் மூன்றரை வரை தளம் போடும் வேலை இல்லை என்று முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதலாம். நிழல், தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல், முறைவைத்து ஓய்வு எல்லாம் அட்டவணையில் நேரத்தோடு வர வேண்டும். இரவு வேலைக்கு வருபவர் பகலில் தூங்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பகலில் யாரும் தூங்க முடியாது. தூங்காத மனிதர் அதிகாலை மூன்று மணிக்கு வைப்ரேட்டரைப் பத்து நொடி பிடிக்க வேண்டிய இடத்தில் மூன்று நொடி பிடிப்பார். பீமின் அடியில் தேன்கூடு விழும். நம் தளங்களில் இன்று பெரும்பாலோர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். வேலை தொடங்கும் முன் சொல்லும் விளக்கத்தை அவர்கள் மொழியில் சொல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர் ஊற்றாதே என்று தமிழில் எழுதிய பலகையால் அவருக்கு என்ன பயன்?

கடைசியாக, தண்ணீர் பிடிப்பது, கியூரிங். ஐ.எஸ். 456 சாதா சிமென்டுக்கு ஏழு நாள், வறண்ட வெயில் சூழலில் பத்து நாளுக்குக் குறையாமல், கலப்புச் சிமென்டுக்குப் பதினான்கு நாள் வரை நீட்டுவது நல்லது என்கிறது. தளத்தில் இது ஓரளவு நடக்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரிகிறது, யாரும் ஏமாற்ற முடியாது. தூண்கள்தான் பாவம். கட்டடத்தின் மொத்தச் சுமையையும் தாங்கும் தூணுக்கு மறுநாள் சென்ட்ரிங் கழற்றியதும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பைப்பில் தண்ணீர் அடிப்பார்கள். வெயிலில் அது கால் மணியில் காய்ந்துவிடும். நனைந்து காய்ந்து நனைந்து காய்வதைக் கியூரிங் என்று சொல்லக் கூடாது. சாக்கைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் பாலித்தீன் சுற்றினால் ஒருமுறை ஊற்றிய ஈரம் ஒரு நாளுக்கு மேல் நிற்கும். தண்ணீரும் மிச்சம். 2019 கோடையில் இந்த ஊர் குடிநீருக்கே தவித்ததை நாம் மறந்திருக்க முடியாது. அதனால் பாலித்தீன் சுற்றுவதை நான் இன்னும் வலியுறுத்துகிறேன். தண்ணீர் இல்லை என்று போர்வெல் உப்புத்தண்ணீரைத் தூணில் அடிக்காதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்பது ஐ.எஸ். 456. கியூரிங் தண்ணீரையும் அதே கண்ணோடு பாருங்கள். கடற்கரைப் பக்கத்துப் போர்வெல்கள் பல இதைத் தாண்டுகின்றன.

தூணுக்கு ஒழுங்கான கியூரிங் ஏன் நடப்பதில்லை என்று யோசித்தால் காரணம் பில்லில் இருக்கிறது. கான்கிரீட்டுக்குக் கன மீட்டர் விலை, கம்பிக்கு டன் விலை, சென்ட்ரிங்குக்குச் சதுர மீட்டர் விலை என்று தனித்தனியாக எழுதுகிறோம். கியூரிங் கான்கிரீட் விலைக்குள் அடக்கம் என்று ஒரு சொல்லில் முடிக்கிறோம். காசு இல்லாத வேலைக்கு ஆளும் இருக்காது. தூணுக்கு இத்தனை, சுவருக்கு இத்தனை, நாள் கணக்கில், தளத்துப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் மட்டும் பணம் என்று தனி வரியாக எழுதினால் ஒப்பந்தக்காரர் அதற்கென்று இரண்டு ஆளை வைப்பார். மொத்தச் செலவில் அந்தத் தொகை கண்ணுக்கே தெரியாது. இங்கே வந்திருக்கும் பொறியாளர்களில் டெண்டர் எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். அடுத்த டெண்டரிலேயே அந்த வரியைச் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.